7.4 என்றால் எத்தனை மார்க்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் ஈசிஇ (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு முடிக்கிறீர்கள். ஆறு செமஸ்டர் முடிவில் சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்கு வருகிற சராசரிப் புள்ளி, 7.4. "அப்படியென்றால் 74 மார்க்கா?" என்று அப்பா கேட்கிறார், உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதோடு இன்னொரு குழப்பம்: விடைத்தாள் நகல் வாங்கி இன்டர்னலையும் (கல்லூரியே போடும் உள்மதிப்பீட்டு மார்க்) சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு பாடத்தில் 82 வந்தும் ஏ, இன்னொன்றில் 76-க்கே ஏ+. "இதில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கிறதா?" என்று முடித்திருக்கிறீர்கள். பார்வைக்கு இவை இரண்டு கேள்விகள். எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: கிரேடு எதை அளக்கிறது, யாரோடு அல்லது எதோடு ஒப்பிட்டு அளக்கிறது? தில்லுமுல்லு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் அப்பா நினைக்கிற மார்க்கும் அது இல்லை.

நான் பொறியியல் கல்லூரிகளில் 24 ஆண்டுகள் பாடம் நடத்தியவன். அதில் ஏழு ஆண்டுகள் தேர்வுப் பிரிவுப் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. வேல்யுவேஷன் கேம்ப்களில் கட்டுக் கட்டாகத் தாள் திருத்தியிருக்கிறேன், வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதமும் நிறைய எழுதியிருக்கிறேன். ஆகவே நான் சொல்வது பொறியியல் படிப்பை மனதில் வைத்துத்தான். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி, கூட்டல் பெருக்கல். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஓர் எடை உண்டு. வாரத்தில் ஒரு பீரியட் வகுப்பு நடந்தால் 1 கிரெடிட், ஆய்வகம் என்றால் இரண்டு பீரியடுக்கு 1. கிரேடுக்குப் புள்ளி: ஓ 10, ஏ+ 9, ஏ 8, பி+ 7, பி 6, சி 5. தேறாவிட்டால் யு. கிரெடிட்டைப் புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் அந்த செமஸ்டரின் ஜிபிஏ வந்துவிடும். 4 கிரெடிட் கணக்கில் ஏ, 3 கிரெடிட் இயற்பியலில் பி+, 3 கிரெடிட் புரோகிராமிங்கில் ஓ, 3 கிரெடிட் ஆங்கிலத்தில் ஏ+, 2 கிரெடிட் ஆய்வகத்தில் ஓ என்று ஒருவர் வாங்கினால் 32, 21, 30, 27, 20. கூட்டினால் 130. அதை 15-ஆல் வகுத்தால் 8.67. இதே கணக்கை எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் போட்டால் சிஜிபிஏ. ஆறு செமஸ்டரின் ஜிபிஏக்களை மட்டும் கூட்டி ஆறால் வகுக்கிறவர்கள் உண்டு, அது தப்பு. ஒரு செமஸ்டரில் 26 கிரெடிட் இருக்கும், இன்னொன்றில் 20 இருக்கும், எடை ஒன்றல்ல.

அடுத்தது, எந்த மார்க்குக்கு எந்த எழுத்து என்பது. குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று நிலையான எல்லை: 91 முதல் 100 வரை ஓ, 81 முதல் 90 வரை ஏ+, 71 முதல் 80 வரை ஏ, 61 முதல் 70 வரை பி+, 56 முதல் 60 வரை பி, 50 முதல் 55 வரை சி. பக்கத்தில் இருப்பவர் எத்தனை வாங்கினாலும் உங்கள் எழுத்து மாறாது. இது நியாயமாகத் தெரியும், ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மாணவர் எல்லாப் பாடத்திலும் சரியாக 81 வாங்குகிறார், சிஜிபிஏ 9. இன்னொருவர் பாதிப் பாடங்களில் 80, பாதியில் 90 வாங்குகிறார். அவருடைய சராசரி 85. சிஜிபிஏ 8.5 தான். அதிக மார்க் வாங்கியவருக்குக் குறைந்த சிஜிபிஏ! மார்க்கை எழுத்தாக மாற்றும்போது ஒரு பத்துக்குள் இருக்கிற வித்தியாசம் மொத்தமும் காணாமல் போகிறது. 80-க்கும் 81-க்கும் நடுவில் இருக்கிற ஒற்றை மார்க் மலையாகிவிடுகிறது.

இரண்டாவது வழி ரிலேட்டிவ் கிரேடிங், ஒப்பீட்டு முறை. 2021 ரெகுலேஷனில் (பல்கலைக்கழகத்தின் படிப்பு, தேர்வு விதித்தொகுப்பு) சேர்ந்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் கொண்டுவந்தது இதைத்தான். உங்கள் 82-க்கும் 76-க்குமான விடையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பாடத்தில் தேறியவர்களின் மார்க்கை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அந்த மார்க்குகள் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தால் பாக்ஸ்-காக்ஸ் என்கிற கணித முறையால் அதைச் சீராக்கி, பிறகு அந்தப் பாடத்துக்கென்று தனி எல்லைகளை மென்பொருள் கணக்கிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் எல்லை வேறு. வினாத்தாள் கடினமாக வந்து பெரும்பாலோர் 60-ஐச் சுற்றி நின்றிருந்தால் அங்கே 76 என்பது உச்சி. எல்லோரும் 80-ஐத் தாண்டிய இலகுவான தாளில் 82 நடுக்கூட்டம். நீங்கள் 82 வாங்கிய பாடத்தில் மோசமாக எழுதியதாக இதற்கு அர்த்தமில்லை, எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இதையொட்டி ஹாஸ்டல் வராந்தாவில் சுற்றுகிற ஒரு வதந்தியையும் தீர்த்துவிடலாம். "ரிலேட்டிவ்னால எனக்கு அரியர் விழுந்துடுச்சு" என்பார்கள். அப்படி நடக்காது. தேர்ச்சிக் கோடு ஒப்பீட்டில் வருவதில்லை, அது மொத்தத்தில் 50 என்று நிலையானது. கோட்டைத் தாண்டியவர்களுக்குள் யார் எங்கே என்பதை மட்டும்தான் ஒப்பீடு முடிவு செய்கிறது. இன்னொரு விஷயம், மாணவர் எண்ணிக்கை 30 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒப்பீடே கிடையாது, நான் மேலே சொன்ன நிலையான எல்லைதான். பத்து இருபது பேரை வைத்துக்கொண்டு புள்ளியியல் செய்ய முடியாது என்பது நல்ல முடிவு.

இன்டர்னல் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் தியரி பாடத்தில் 100-க்கு 40 அதுதான். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஓர் உத்தரவு வரும்: யாருக்கும் இன்டர்னலில் 35-க்குக் கீழே போட வேண்டாம். நானும் போடவில்லை, அதை மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு உதவி செய்வதாகவே அன்றைக்கு நினைத்தோம். நிலையான எல்லை இருந்தவரை அது உதவிதான், எல்லோரையும் ஒரு படி தூக்கிவிட்டது. ஒப்பீட்டு முறையில் அந்தத் தாராளத்துக்கு மதிப்பே இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் 38 என்றால் அந்த 38 யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது. வரிசையை மிச்சமிருக்கிற 60 தான் தீர்மானிக்கும். கடைசியில் செமஸ்டர் முழுக்க ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கும் கடைசி வாரத்தில் படித்த பிள்ளைக்கும் இருந்த வித்தியாசத்தை நாங்களே அழித்துவிட்டு, அந்த மூன்று மணி நேரத்தின் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். 7.4 எத்தனை சதவீதம்? அண்ணா பல்கலைக்கழகத்தில் வழக்கம் சிஜிபிஏவைப் பத்தால் பெருக்குவது, ஆக 74. படிவத்தில் சதவீதம் கேட்டால் அதைத்தான் எழுத வேண்டும், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது நீங்கள் வாங்கிய மார்க்கின் சராசரி இல்லை. நிலையான எல்லையை மறுபடி பாருங்கள்: 71 வாங்கினாலும் புள்ளி 8, பத்தால் பெருக்கினால் 80. சி தவிர மற்ற எல்லா எழுத்துக்கும் அந்தப் படியின் உச்சிதான் கிடைக்கிறது. எல்லாப் பாடத்திலும் 91 வாங்கியவர் "100 சதவீதம்" ஆகிவிடுவார். இந்த உப்பலைக் குறைக்கத்தான் மற்றவர்கள் வேறு சூத்திரம் வைத்தார்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு கிரேடு போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் 9.5-ஆல் பெருக்கச் சொன்னது, 91 முதல் 100 வரை வாங்கியவர்களின் சராசரி ஏறக்குறைய 95 ஆக இருந்தது என்ற கணக்கில். அது பள்ளிக்கூடத்துச் சூத்திரம், கல்லூரிக்கு அதை ஏன் எடுத்து ஒட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇ வெளியிட்ட அட்டவணையில் 6.25 என்றால் 55, 7.25 என்றால் 65, 8.25 என்றால் 75. அதாவது 0.75 கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவது. உங்கள் 7.4 முதல் வழியில் 74, இரண்டாவதில் 70.3, மூன்றாவதில் 66.5. ஒரே பிள்ளை, ஒரே படிப்பு, மூன்று சதவீதம்.

இதில் எது உண்மை என்று கேட்டால், உங்கள் விஷயத்தில் எதுவுமே உண்மை இல்லை. ஒப்பீட்டு முறையில் எல்லை பாடத்துக்குப் பாடம் நகர்வதால் புள்ளியிலிருந்து மார்க்குக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது. அரைத்த மாவைப் பார்த்து அரிசியை எண்ண முடியுமா? நடைமுறைக்கு நான் சொல்வது: உங்களுக்குப் பட்டம் தருகிற பல்கலைக்கழகத்தின் சூத்திரத்தை மட்டும் பயன்படுத்துங்கள், பக்கத்திலேயே சிஜிபிஏவையும் எழுதுங்கள். யாராவது ஆதாரம் கேட்டால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மாற்றுச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கிற கால்குலேட்டரை நம்பி மட்டும் எழுதாதீர்கள்.

அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லலாம். அவர் காலத்தில் 60 முதல் வகுப்பு, 75 டிஸ்டிங்ஷன் என்று மனதில் பதிந்திருக்கும். உங்கள் ரெகுலேஷனில் முதல் வகுப்புக்கு 6.5, டிஸ்டிங்ஷனுக்கு 8.5, அதுவும் எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். 7.4 நல்ல முதல் வகுப்பு. ஆனால் 74 என்று கேட்டவுடன் "டிஸ்டிங்ஷனுக்கு ஒரு மார்க்தான் குறைச்சல்" என்று அவர் நினைத்துக்கொண்டால் அது சரியில்லை.

எழுத்துக்கும் இதே கதைதான். 2013 ரெகுலேஷனில் படித்த உங்கள் சீனியருக்கு உச்சம் எஸ், அடுத்தது ஏ. அவருடைய ஏ என்றால் 9. 2017-இல் அது ஓ, ஏ+, ஏ என்று மாறியது, ஆகவே உங்கள் ஏ என்றால் 8. ஒரே பல்கலைக்கழகம், நடுவில் நாலு வருஷம்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஐஐடி மெட்ராஸில் எஸ் 10, ஏ 9, பி 8 என்று போய், டி 6, ஈ 4. அங்கே பி வாங்கியவரும் உங்கள் கல்லூரியில் பி வாங்கியவரும் ஒரே எழுத்தைக் காட்டுவார்கள், புள்ளியில் 8-க்கும் 6-க்கும் உள்ள தூரம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் பத்துப் புள்ளிப் பரிந்துரையில் நாடு முழுவதற்கும் ஒரே எழுத்து வரிசை வர வேண்டும் என்று பார்த்தது. அதில் தேர்ச்சிக்கு பி என்று ஓர் எழுத்து வைத்து 4 புள்ளி தந்திருக்கிறார்கள், பாஸ் என்பதன் முதல் எழுத்து. நம் தமிழில் எழுதும்போது அதுவும் பி, இதுவும் பி, இது வேறு தலைவலி.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லவில்லை, ஆனாலும் மூன்றாம் ஆண்டில் எல்லோரும் ஒருமுறை யோசிப்பார்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சிக் கோடு, நமக்கு நேர் தலைகீழ். அங்கே பெரும்பாலும் பவேரிய சூத்திரம் என்ற ஒன்றைப் பயன்படுத்துவார்கள்: உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். தேர்ச்சி 5 என்று வைத்தால் உங்கள் 7.4 அங்கே 2.56. தேர்ச்சி 4 என்று தப்பாக வைத்தால் 2.3. அந்த ஒற்றை எண் பெரிய வித்தியாசம் செய்கிறது, ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிப் புள்ளி எது என்பதைத் தெளிவாகக் காட்டுங்கள். அமெரிக்காவுக்கு 7.4-ஐப் பத்தால் வகுத்து நாலால் பெருக்கி 2.96 என்று நீங்களே எழுதிவிடாதீர்கள். டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் பாடவாரியாக எடுத்துத்தான் மாற்றுகின்றன, விடை பெரும்பாலும் அந்தக் குறுக்குவழிக் கணக்கைவிட நன்றாகவே வரும்.

அமெரிக்கா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1785-இல் யேல் கல்லூரியின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 58 மாணவர்களைச் சோதித்துவிட்டு நாலு கட்டாகப் பிரித்துத் தன் நாட்குறிப்பில் எழுதினார்: சிறந்தவர் 20 பேர், அடுத்த சிறந்தவர் 16 பேர், தாழ்ந்தவர் 12 பேர், இன்னும் தாழ்ந்தவர் 10 பேர். மார்க்கே இல்லை, வெறும் ஆளை ஆளோடு ஒப்பிட்டது. நம் ரிலேட்டிவ் கிரேடிங்குக்கு இதைத்தான் கொள்ளுத் தாத்தா என்று சொல்வேன். 1897-இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி எழுத்துகளை வைத்தபோது 95-ஆவது வாங்கினால்தான் ஏ, 75-க்குக் கீழே போனால் தோல்வி. ஹார்வர்டில் 2020-21 கல்வியாண்டில் இளநிலையில் போட்ட கிரேடுகளில் 79 சதவீதம் ஏ அல்லது ஏ மைனஸ். ஏ என்ற எழுத்து அங்கேயேதான் இருக்கிறது, அதன் கனம்தான் கரைந்துவிட்டது.

இதுவரை சொன்னது விதிகளும் கணக்கும். இனிமேல் சொல்வது என் அனுபவத்தில் படுவது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தாளில் பத்து இரண்டு மார்க் கேள்விகள், ஐந்து 13 மார்க் கேள்விகள், ஒரு 15 மார்க் கேள்வி. இரண்டு மார்க்கில் திருத்துகிறவர்களுக்குள் பெரிய சண்டை வராது. 13 மார்க்கில் வரும். அதே விடைக்கு நான் 9 போடுவேன், பக்கத்து மேசைக்காரர் 11 போடுவார், இரண்டு பேரையும் தப்பு சொல்ல முடியாது. நான் படம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன், அவர் படிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற கட்டுக்கு என் கை கொஞ்சம் தாராளமாக இருந்ததா, கொஞ்சம் இறுகியதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஐந்து கேள்விக்கும் இரண்டிரண்டு என்றால் 100-க்குப் பத்து, 60-க்குச் சுருக்கினால் ஆறு. ஏ-க்கும் ஏ+-க்கும் நடுவில் அந்த ஆறு எத்தனை பேரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியிருக்கும்! ஆகவே ஒற்றைப் பாடத்தின் ஒற்றை எழுத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாற்பது ஐம்பது பாடங்களுக்குப் பிறகு வருகிற சிஜிபிஏ கொஞ்சம் நம்பகமானது, ஏனென்றால் தாராளமான கையும் இறுகிய கையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அப்போதும் 7.4-க்கும் 7.6-க்கும் இடையில் ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் உள்ள வித்தியாசம் இருப்பதாக நான் நம்பவில்லை. 7.4-க்கும் 9-க்கும் இடையில் இருக்கிறது.

வேலைக்கு எடுப்பவர்களைப் பற்றியும் நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கேம்பஸுக்கு வருகிறவர்கள் சிஜிபிஏவைக் கதவாகப் பயன்படுத்துகிறார்கள். 6, 6.5, 7 என்று ஒரு கோடு, பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. உள்ளே போன பிறகு 7.4-ஐயும் 8.1-ஐயும் யாரும் தராசில் வைத்து நான் பார்த்ததில்லை. புராஜெக்டில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள், பல பேர் அங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

கடைசியாக, நீங்கள் நேராகக் கேட்காவிட்டாலும் கேள்விக்குள் ஒளிந்திருப்பது: 8 தொட முடியுமா? மொத்தம் 160 கிரெடிட், 120 முடிந்துவிட்டது என்று தோராயமாக வைத்துக்கொள்வோம், உங்கள் துறையின் சரியான எண்ணைப் போட்டுப் பாருங்கள். கையில் இருப்பது 888 புள்ளி. 8 வர 1280 வேண்டும். மிச்சம் 392, அதை 40 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், சராசரி 9.8. ஏறக்குறைய எல்லாமே ஓ. அது நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மிச்சமெல்லாம் ஏ+ வாங்கினால் 7.8, அது எட்டக்கூடியது. இதில் எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட் மட்டுமே 10 கிரெடிட். அங்கே ஏ-க்குப் பதில் ஓ வாங்கினால் அந்த ஒன்றே சிஜிபிஏவை 0.125 தூக்கும், மூன்று கிரெடிட் தியரி பாடத்தில் அதே இரண்டு படி ஏறினால் 0.04 கூட வராது. அதனால் ஏழாம் செமஸ்டர் திறந்ததும் முதல் வேலையாக நல்ல கைடைப் போய்ப் பாருங்கள். ஆகஸ்டில் போனால் இடம் நிரம்பிவிட்டது என்பார்.